ஒய் அழுத்துவதற்கு முன்னால்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. டாக்டர் அனுமதிக்கும் வரை திரையைக் கட்டிக்கொண்டு அழாதே என்று சொல்லலாம், நீ கேட்கப்போவதில்லை. இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவள் வேலை மாறியிருக்கிறாள், இப்போது இரவுப் பணி. பகலில் வீடே சத்தமில்லாமல் நடமாடுகிறது.

பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டிருக்கிறாய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைக் கண்டாலே எழுந்து ஓடுகிற ஆளாயிற்றே நீ!

சரி, உன் சந்தேகங்களுக்கு வருகிறேன். 'ஆப்ட் அப்டேட்' கொடுத்தும் ஒன்றும் மாறவில்லை என்று எழுதியிருந்தாய். மாறாது. உபுண்டுவின் மென்பொருள்கள் இணையத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் களஞ்சியத்தில் இன்றைக்கு எந்தப் பொதி (நிறுவுவதற்காகக் கட்டிவைத்த மென்பொருள்) எந்தப் பதிப்பில் இருக்கிறது என்ற விவரத்தை மட்டும்தான் அந்தக் கட்டளை கொண்டுவந்து வைக்கும். நிறுவ வேண்டுமானால் 'ஆப்ட் அப்கிரேட்' கொடுக்க வேண்டும். பட்டியல் வாங்குவது வேறு, சரக்கு வாங்குவது வேறு. மேக்கில் இதே வேலையைச் செய்யும் ஹோம்ப்ரூவிலும் அப்டேட், அப்கிரேட் என்று இதே இரண்டு கட்டளைகள்தான். விண்டோஸில் இதற்கென்று இருக்கும் விங்கெட்டில் அப்கிரேட் என்று மட்டும் அடித்தால், புதுப் பதிப்பு வந்திருப்பவற்றைக் காட்டிவிட்டு நின்றுவிடும். கூடவே 'ஆல்' சேர்த்தால்தான் வேலையில் இறங்கும்.

அப்புறம் உன் மகன் சொன்னான் என்று 'ஃபுல் அப்கிரேட்' கொடுத்து, கேள்வியே கேட்காமல் இருக்க 'ஹைஃபன் ஒய்' வேறு சேர்த்திருக்கிறாய். அதன் பிறகு லேப்டாப்பில் சத்தமே வரவில்லை. இதைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

சாதாரண அப்கிரேட் ஏற்கெனவே இருக்கும் எந்தப் பொதியையும் நீக்காது. புதுப் பதிப்பு வர வேண்டுமானால் வேறொன்றை எடுத்தாக வேண்டும் என்ற நிலை வந்தால், அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிடும். ஃபுல் அப்கிரேட் அப்படியல்ல. சார்புகள் (ஒரு பொதி ஓட வேறு எவை தேவை என்ற கணக்கு) முட்டிக்கொண்டால் ஒன்றைத் தூக்கிவிட்டு இன்னொன்றை வைக்கும். உபுண்டுவுடையது அல்லாத வெளிக் களஞ்சியங்களை நிறையச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குச் சில சமயம் மேசைச்சூழலையே, அதாவது சாளரங்களும் பட்டிகளும் உள்ள முழுத் திரை அமைப்பையே, எடுத்துவிட முன்வரும். ஆனால் திருட்டுத்தனமாக எதையும் செய்யாது. எவை புதுப்பிக்கப்படும், எவை புதிதாக நிறுவப்படும், எவை நீக்கப்படும் என்று பெயர் பெயராக எழுதிக் காட்டும். கடைசியில் ஒரே வரியில் நான்கு எண்கள் வரும்: இத்தனை புதுப்பிப்பு, இத்தனை புதியவை, இத்தனை நீக்கம், இத்தனை அப்படியே விடப்பட்டவை. பதிவிறக்க அளவைச் சொல்லிவிட்டு, தொடரலாமா என்று கேட்கும். பக்கத்தில் ஆம், இல்லை என்பதற்கு ஒய், என் என்ற எழுத்துகள் இருக்கும். ஒய் பெரிய எழுத்தில் இருந்தால், வெறும் என்டர் தட்டினாலும் சம்மதம் என்றுதான் அர்த்தம். அந்த நான்கில் மூன்றாவது எண் பூஜ்ஜியமா என்று பார்த்துவிட்டுத்தான் நான் என்டரில் கை வைப்பேன். நீயோ அந்தக் கேள்வியையே வாயடைத்துவிட்டாய்.

ஒரு கேள்வியை மட்டும் ஹைஃபன் ஒய் போட்டாலும் தடுக்க முடியாது. அமைப்புகளைச் சேமிக்கும் 'எட்சி' கோப்புறையில் நீ கைவைத்த அமைப்புக் கோப்புக்குப் புதுப் பொதியில் வேறு வடிவம் வந்திருந்தால், உன்னுடையதை வைத்துக்கொள்ளவா, மாற்றவா என்று நின்று கேட்கும். பேசாமல் என்டர் தட்டினால் உன்னுடையது தப்பும். டி அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். பார்த்துவிட்டு முடிவு செய்.

பதிப்பு எண்கள் பழசாக இருக்கின்றன என்று நீ அலுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2014இல், இணையத் தொடர்புகளை மறையாக்கும் ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற நிரலில் ஹார்ட்ப்ளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது நினைவிருக்கும். அந்த நிரலை எழுதியவர்கள் அதை 1.0.1ஜி என்ற பதிப்பில் அடைத்தார்கள். உபுண்டுவுக்கு அடித்தளமான டெபியனோ தன்னிடம் இருந்த 1.0.1இ பதிப்பிலேயே அந்தத் திருத்தத்தை மட்டும் ஒட்டிக் கொடுத்தது. பதிப்பு எண்ணின் முன்பகுதியை மட்டும் பார்த்தவர்கள் இன்னும் ஓட்டை இருப்பதாகப் பதறினார்கள். வாலில் இருந்த சின்ன எண்தான் மாறியிருந்தது. உபுண்டுவும் இந்த வழியில்தான் போகிறது.

புதுசுக்குப் புதுசு வேண்டும் என்று பறப்பதன் இன்னொரு பக்கத்தை 2024 மார்ச்சில் பார்த்தோம். எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக்கதவு வைத்திருந்தார்கள். எஸ்எஸ்எச் வழியாக வேறொரு கணினிக்குள் நுழைவது அரை நொடி தாமதமாகிறதே என்று நோண்டிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளரிடம் அது சிக்கியது. அதற்குள் டெபியனின் சோதனைக் கிளைகளிலும், புதுப் பதிப்புகளை உடனுக்குடன் தரும் ஆர்ச் என்ற லினக்ஸிலும் அந்தப் பதிப்புகள் நுழைந்திருந்தன. டெபியனின் நிலையான வெளியீட்டில் பழைய பதிப்பே இருந்ததால் அது தப்பியது. பாதுகாப்புத் திருத்தங்களை உடனே வாங்கு, மற்றவை ஆற அமர வரட்டும் என்பது என் கட்சி. ஆர்ச் வைத்திருக்கும் உன் மகன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான்.

இன்னொன்று. வட்டில் கோப்பு மாறிவிட்டது என்பதாலேயே வேலை முடிந்துவிடாது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய நூலகத்தையே (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் பொது நிரல்துண்டு) நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். அதை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால்தான் திருத்தம் பலிக்கும். இயங்குதளத்தின் மையமான கெர்னல் என்றால் பொதுவாக ரீஸ்டார்ட்தான் வழி. நீ மூடியை மட்டும் சாத்தி வைக்கிற ஆள், அதனால் சொல்கிறேன்.

'லாக்', அதாவது பூட்டு, கிடைக்கவில்லை என்று வந்த பிழைக்குப் பயப்படாதே. ஒரே நேரத்தில் இருவர் பொதிகளைத் தொடாமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு. பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்திருக்கும். காத்திருந்தால் போதும். அந்தப் பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரைகளைக் கேட்காதே.

இப்போது சத்தத்துக்கு வருவோம். முதலில் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார். அப்படியும் வரவில்லை என்றால், 'வார்' கோப்புறைக்குள் 'லாக்' (இது பூட்டு அல்ல, பதிவேடு), அதற்குள் 'ஆப்ட்', அதில் 'ஹிஸ்டரி' என்று தொடங்கும் பதிவுக் கோப்பைத் திற. ஒவ்வொரு முறையும் என்ன கட்டளை கொடுத்தாய், எது வந்தது, எது போனது என்று நாள், நேரத்தோடு எழுதியிருக்கும். அன்றைய பதிவில் 'ரிமூவ்' என்று தொடங்கும் வரி இருக்கிறதா பார். இருந்தால் அந்த வரியை அப்படியே எனக்கு அனுப்பு, எதைத் திரும்ப நிறுவ வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ஃபுல் அப்கிரேட் பக்கம் போகாதே.

அன்புடன்,
உன் நண்பன்