ஏழு கறிக்கு வாழைக்காய் நறுக்கும்போது: மொரிசியஸ் தமிழ் வகுப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மாலைத் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும் கோயில் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

நான் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுப்பவள். போன காவடிக்குக் கோயில் சமையற்கட்டில் ஏழு கறி விருந்துக்காக வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த சிறுமி, உங்கள் வகுப்பில் கற்ற தமிழில் சொல் சொல்லாகக் கோத்து, "கை ஏன் கறுக்குது டீச்சர்?" என்று கேட்டாள். நான் பாதி ஆங்கிலமும் பாதி கிரியோலுமாகப் பதில் சொன்னேன். அது இன்னும் உறுத்துகிறது. அன்று தமிழில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

வாழைக்காயில் டோபமைன் என்ற பொருள் நிறைய இருக்கிறது. நறுக்கியதும் காயிலுள்ள நொதியும் (வினையை விரைவாக்கும் புரதம்) காற்றிலுள்ள ஆக்சிஜனும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கருநிறப் பொருளாகின்றன. இப்படிப் பல சேர்ந்து உருவாவதைத்தான் பாலிமர், அதாவது பலபடி, என்கிறோம். என் பாட்டி நறுக்கிய துண்டுகளை உடனே புளித்தண்ணீரில் போடுவார். புளிப்பு இந்த வினையைத் தாமதப்படுத்தும். அவருக்கு நொதி என்ற சொல் தெரியாது, வேலை தெரியும்.

சரி, இப்போது கடற்கரைக்கு வாருங்கள். அலை எவ்வளவு அடித்தாலும் மூல் (mussel) சிப்பி பாறையை விடுவதில்லை. நாம் கடையில் வாங்கும் பசைகள் பெரும்பாலும் ஈரத்தில் தோற்றுப்போகும். சிப்பி ஈரத்திலேயே ஒட்டுகிறது. அதன் பசைப் புரதத்தில் டோபா என்ற அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் சிறு அலகு) இருப்பதை ஆய்வாளர் ஹெர்பர்ட் வெய்ட் 1981-இல் காட்டினார். டோபாவும் டோபமைனும் நெருங்கிய உறவு: இரண்டிலும் ஆறு கார்பன் அணுக்களாலான பென்சீன் வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) தொகுதிகள். 2007-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிலிப் மெசர்ஸ்மித் குழுவினர், ஒரு மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் டோபமைனைச் சற்றே காரத்தன்மையுள்ள, பிஎச் 8.5 அளவுள்ள நீரில் கரைத்து, அதில் பொருள்களை முக்கி வைத்தார்கள். உலோகம், கண்ணாடி, எதுவுமே ஒட்டாத டெஃப்லான் உட்பட எல்லாவற்றின் மேலும் மெல்லிய கருநிறப் படலம் படிந்தது. ஒரு நாளில் 50 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை வளர்ந்தது. அந்தப் படலத்தின் உள்ளமைப்பு சரியாக எப்படி என்று வேதியியலாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். சிப்பியைப் பார்த்துச் செய்த பசைகளால் உடலுக்குள், ஈரமான திசுக்களை ஒட்டவும் முயல்கிறார்கள்.

அந்தச் சிறுமியின் கையில் இருந்த கறையும் அந்தப் படலமும் ஒரே குடும்பம். இதைத் தமிழில் கேட்டிருந்தால் அவள் முகம் எப்படி மலர்ந்திருக்கும்!

உங்கள் உழைப்பை நான் அறிவேன். விடுமுறையையும் மாலையையும் விட்டுக்கொடுத்து, சம்பளம் பெரிதில்லாமல் நடத்துகிறீர்கள். ஆனால் தேவாரம், கட்டுரை, தேர்வு என்பதோடு நம் தமிழ் நின்றுவிடுகிறது. பள்ளியில் அறிவியல் முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது. பிள்ளைகள் தமிழைச் சாமி கும்பிடும் மொழி என்று மட்டும் எண்ணிக்கொள்கிறார்கள். தாமரை இலைத் தண்ணீர் என்று நீங்கள் சொல்லித்தரும்போது, பாம்ப்லமூஸ் தோட்டத்துத் தாமரைக் குளத்தருகே நின்று அந்தத் துளி ஏன் ஒட்டாமல் உருள்கிறது என்றும் சொல்லலாமே. இலையில் நுண்ணிய மேடுகள், அவற்றின் மேல் மெழுகு, அவ்வளவுதான் விஷயம்.

மாதம் ஒரு வகுப்பில் அரை மணி நேரம் கொடுங்கள். நானே வருகிறேன், சம்பளம் வேண்டாம். இரண்டு வாழைக்காய், ஒரு கத்தி, கொஞ்சம் புளி கொண்டுவருகிறேன். ஒரு துண்டு புளித்தண்ணீரில், இன்னொன்று வெறும் இலையில். எது முதலில் கறுக்கிறது என்று பிள்ளைகளே பார்த்துத் தமிழில் எழுதட்டும்.