எண்டோமென்ட் பணம் எங்கே போனது?

ஆசிரியருக்கு,

ஹார்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கை, அதாவது தமிழுக்கென்று அங்கே அமைத்த நிரந்தரப் பேராசிரியர் பதவி பற்றிப் பேச்சு வந்தாலே, "நம்ம அரசு கொடுத்த 10 கோடி என்ன ஆயிற்று, செலவாகிவிட்டதா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. 2017இல் அரசு அந்தத் தொகையை அறிவித்தபோதும், இருக்கைக்குத் திரட்ட வேண்டிய 60 லட்சம் டாலர் இலக்கு மறு ஆண்டு நிறைவேறியபோதும் நான் படித்த செய்திகளில் 'நன்கொடை', 'நிதியுதவி' என்றுதான் இருந்தது. நன்கொடை என்றால் செலவாகிற பணம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

ஆனால் இருக்கைக்குக் கொடுத்தது எண்டோமென்ட், அதாவது நிலைநிதி. அது அப்படியல்ல. போட்ட முதல் அப்படியே நிற்கும். அதை முதலீடு செய்து வரும் வருமானத்தில் ஒரு பகுதிதான் பேராசிரியர் சம்பளத்துக்குப் போகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கைந்து எடுப்பது வழக்கம். மிச்சம் முதலோடு சேரும். விலைவாசி ஏறும்போது முதலும் ஏற வேண்டுமே.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் அந்த மிச்சம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. என் அப்பா 1984இல் ஒரு பள்ளியில் 5,000 ரூபாய் கட்டி, தமிழில் முதலிடம் பெறும் பிள்ளைக்குப் பரிசு ஏற்படுத்தினார். அன்று 10 சதவீத வட்டி. 500 ரூபாய்க்குக் கை நிறையப் புத்தகம் கிடைத்தது. இன்று 7 சதவீதம் என்றாலும் 350 ரூபாய்தான்; ஒரு நல்ல அகராதிக்குக் காணாது. வட்டியை முழுக்க முழுக்கச் செலவழித்ததால் முதல் அதே 5,000ஆகவே கிடக்கிறது.

முதல் தேயாமல் பார்த்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. சோழர் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, 96 ஆடு விட்டார்கள். ஆடுகளை ஏற்றவர் தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்பது கல்வெட்டுகளில் வரும் பெயர். கிழடு போனால் குட்டி வந்து மந்தையை நிரப்பும். அளந்தது நெய்யாக இருந்ததால், நெய் விலை ஏறினாலும் விளக்குக்குக் குறைவில்லை.

அதனால் இப்படிப்பட்ட நிதி பற்றிச் செய்தி போடும்போது, முதல் எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு எடுப்பார்கள், எவ்வளவைத் திரும்ப முதலில் சேர்ப்பார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். ஊர்ப் பள்ளியின் சின்னப் பரிசு நிதியாக இருந்தாலும் கேளுங்கள்.

அப்பாவின் நிதியோடு இந்த ஆண்டு பிள்ளைகள் நாங்கள் ஒரு லட்சம் ரூபாய் சேர்க்கிறோம். வட்டியில் கால் பங்கு முதலோடு சேர வேண்டும் என்று பள்ளிக்கு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
கும்பகோணம்