ஞாயிறு காலை சமணர் மலை: எழுத்துரு, ஓவியப் பாடப் பணி

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிறு வரைவதற்காக மதுரை அருகே கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போகிறோம். காலை 6.30க்கு அடிவாரத்து அய்யனார் கோயில் முன்பு இருங்கள். வெயில் ஏறினால் பாறை சுடும்.

1. மலைமேல் பேச்சிப்பள்ளம் என்ற இடத்துச் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து (தமிழின் பழைய எழுத்து வடிவம்) இருக்கிறது. 5 எழுத்துகளைப் பென்சிலில் வரையுங்கள். உளி எங்கே வளைந்து திரும்புகிறது என்று பாருங்கள், அழகே அங்கேதான். சாய்வெயிலில் வெட்டு தெளிவாகத் தெரியும்.
2. ஒரு தீர்த்தங்கரர் (சமணர் வணங்கும் அருளாளர்) சிற்பம், கோட்டோவியமாக.
3. கல்லில் சாக்பீஸ், மை எதுவும் படவே கூடாது. ஆயிரம் வருஷம் தாண்டி நிற்கிற எழுத்து.
4. தண்ணீர், தொப்பி.

அப்புறம், வழியில் பழைய கடைப் பலகைகளில் 1978 தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் துதிக்கை மாதிரி சுழி போட்ட ‘லை’, ‘னை’ கண்ணில் பட்டால் படமெடுத்து இங்கே போடுங்கள்.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயரைப் பதியுங்கள்.