காப்பகங்களின் ஆய்வு விவரம் வெளியாகட்டும்

உரிமமின்றி இயங்கும் மாற்றுத்திறனாளிகள் காப்பகங்கள் குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். பதிவுச் சான்றிதழ் இல்லாமல் இத்தகைய இல்லம் நடத்தக் கூடாது என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016. அந்தச் சான்றிதழைப் பார்வையில் படும்படி வைக்கவும் சொல்கிறது. ஆனால், சான்றிதழ் மட்டும் போதாது. மூளை முடக்குவாதம் உள்ள என் தம்பிக்காக நாங்கள் பார்க்கப் போன இல்லம் ஒன்றில் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் பளிச்சென்று தொங்கியது. கழிவறை வாசலிலோ சக்கர நாற்காலி ஏற முடியாத அரையடிப் படி. உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. தானாகப் புரள முடியாதவர்களை இரவில் யார் புரட்டிப் படுக்கவைப்பார்கள் என்று கேட்டதற்கு, காவலாளி இருக்கிறார் என்றார்கள். ஒரே பக்கமாகப் படுத்திருப்பதால் வரும் படுக்கைப் புண்ணின் வேதனையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கே இந்தப் பதிலின் கொடுமை புரியும்.

ஒவ்வொரு இல்லத்திலும் கடைசியாக ஆய்வு நடந்த நாள், கண்டறிந்த குறைகள், இரவுப் பணியில் உள்ள பராமரிப்பாளர் எண்ணிக்கை ஆகியவற்றை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இணையதளத்திலும் அறிவிப்புப் பலகையிலும் வெளியிட வேண்டும்.