அந்தச் சின்னப் பிஸ்டலுக்கு மெருகேற்ற வேண்டாம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும் அதனுடன் வந்த புகைப்படங்களும் கிடைத்தன. மாமா விட்டுச்சென்ற கைத்துப்பாக்கிக்கு உன் பெயரில் முறைப்படி உரிமம் கிடைத்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அது கைக்கு வராமல் வேறு எதையும் தொடங்கியிருக்கக் கூடாது. எனக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது; பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பழைய முத்திரைகளைப் படிக்க மறுபடியும் முடிகிறது. அதனால் உன் படங்களை ஆற அமரப் பார்த்தேன்.

துருவைச் சுரண்டி, பளபளவென்று மெருகேற்றி, புதிதாக நீலப்பூச்சு (துப்பாக்கி இரும்புக்குக் கருநீல நிறம் தரும் மேற்பூச்சு) கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தயவுசெய்து வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன் ஒன்றை வலியுறுத்த வேண்டும். துப்பாக்கியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதில் தோட்டா இருப்பதாகவே எண்ணிக்கொள். குழலை ஆளில்லாத திசையில் திருப்பி, விசையில் விரல் படாமல், முதலில் மேகசினை, அதாவது கைப்பிடிக்குள் இருக்கும் தோட்டாப் பெட்டியை, கழற்று; பிறகு ஸ்லைடை, அதாவது குழலுக்கு மேலே முன்னும் பின்னும் நகரும் இரும்பு உறையை, பின்னுக்கு இழுத்துப் பிடித்து, டார்ச் வெளிச்சத்தில் குழலின் பின்வாயைப் பார். மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்து விட்டால் அடுத்த தோட்டா தானாக ஏறிவிடும். மேகசினை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தினாலோ, முன்பே ஏறிய தோட்டா குழலிலேயே இருக்கும். துருவினால் ஸ்லைடு அசையாவிட்டால் தட்டவோ நெம்பவோ வேண்டாம், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோ.

ஸ்லைடில் ‘பிரவுனிங்’ என்று இருப்பதால் இது பெல்ஜியத்து அசல் என்று நீ முடிவு கட்டிவிட்டாய். அதற்குள் அவசரப்படாதே. ஜான் மோசஸ் பிரவுனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்த இந்தச் சட்டைப்பைப் பிஸ்டலை, பெல்ஜியத்தின் எர்ஸ்தால் நகரில் இருந்த எஃப்.என். நிறுவனம் 1906 மாதிரி என்ற பெயரில் விற்றது. அதே வடிவமைப்பை அமெரிக்காவில் கோல்ட் நிறுவனம் 1908 முதல் 1948 வரை தயாரித்தது. இரண்டும் நன்றாக விற்கவே, ஸ்பெயினின் ஐபார் நகரத்துப் பட்டறைகள் இதே உருவத்தில் ஏராளமான நகல்களைச் செய்து தள்ளின. அவை சுடுவதும் 6.35 மி.மீ. பிரவுனிங் தோட்டாதான் என்பதால், தோட்டாவின் பெயராக அந்தச் சொல் நகல்களின் மீதும் காணப்படுவதுண்டு. ஆகவே பெயரோடு நிற்காமல் தேட வேண்டியவை இவை: கைப்பிடித் தகட்டில் எஃப்.என். எழுத்துகள் பின்னிய சின்னமா, துள்ளும் கோல்ட் குதிரையா, அல்லது இரண்டும் இல்லையா. கைப்பிடியின் பின்புறத்தில் உள்ளங்கை அழுத்தினால் உள்ளே அமுங்கும் பாதுகாப்புத் தகடு உண்மையிலேயே அமுங்குகிறதா. அதற்குக் கூடுதலாகக் கட்டைவிரலால் திருப்பும் பூட்டு உண்டா. எஃப்.என். நிறுவனத்தின் ஆரம்பகாலப் பிஸ்டல்களில் அந்தக் கட்டைவிரல் பூட்டு கிடையாது, பின்னரே சேர்த்தார்கள்.

எல்லாவற்றையும்விட நான் மதிப்பது சோதனை முத்திரையைத்தான். வழக்கத்தைவிட வலுவான வெடிமருந்தால் சுட்டுப் பார்த்து, குழல் தாங்குகிறது என்று கண்டபின் அரசுச் சோதனைக்கூடம் குத்திய அடையாளம் அது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைக்கூடத்தின் முத்திரை என்றால் ஒரு நீள்வட்டத்துக்குள் இ, எல், ஜி எழுத்துகளும் மேலே ஒரு கிரீடமும் இருக்கும். ஜெர்மனியில் 1891ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிரீடம் குத்தினார்கள். 1939இல் வந்த புதிய சட்டத்துக்குப் பிறகு அந்த இடத்தில் கழுகு வந்தது. கடுகளவே இருக்கும் இந்தக் குறிகள் ஒரு துப்பாக்கியின் நாட்டையும் ஏறத்தாழ அதன் காலத்தையும் சொல்லிவிடுகின்றன.

மெருகேற்ற வேண்டாம் என்று நான் மன்றாடுவது இதனால்தான். பூதக்கண்ணாடியில் பார்த்தால், தொடப்படாத இரும்பில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக நிற்கும். முத்திரை குத்தியபோது பிதுங்கிய இரும்பு ஓரத்தில் மெல்லிய கரையாகத் தெரியும். மெருகுச் சக்கரம் பட்ட இரும்பில் அந்தக் கரை காணாமல் போயிருக்கும், எழுத்து ஆழம் குறைந்து மங்கியிருக்கும், திருகுத் துளையைச் சுற்றிச் சிறு பள்ளம் விழுந்திருக்கும். போன இரும்பை யாராலும் திரும்ப வைக்க முடியாது. உன் படத்தில் ஸ்லைடின் இடப்பக்க எழுத்துகள் இன்னும் கூர்மையாகவே இருக்கின்றன. எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

துருவுக்குச் செய்ய வேண்டியது குறைவுதான். துப்பாக்கி எண்ணெயைத் துரு உள்ள இடத்தில் மட்டும் விட்டு, சில நாள் ஊறவைத்து, பருத்தித் துணியால் மெல்லத் துடை. செந்துரு இளகி வந்துவிடும். அடியில் பழுப்பாகப் படிந்திருப்பதை அப்படியே விட்டுவிடு, அது மேற்கொண்டு இரும்பைத் தின்னாது. குழலின் உட்புறத்தையும் பார்த்துக்கொள்: பழைய தோட்டாக்களின் பிரைமரில் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில்) இருந்த பொட்டாசியம் குளோரேட், சுட்டபின் உப்பாகப் படிந்து ஈரத்தை இழுக்கும், அந்த உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும், வெந்நீர் என்றால் இன்னும் நல்லது. கழற்றத் தெரிந்தவரை அருகில் வைத்துக்கொண்டு, குழலை மட்டும் தனியே எடுத்துக் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் பூசு. ஸ்லைடைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் சுருள்வில் எகிறி ஓடக்கூடும். ஒளி புகும் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துச் செய்தால் எதுவும் தொலையாது. பள்ளத்தில் சரியாகப் பொருந்தாத திருப்புளியைத் திருகின் மேல் வைக்காதே. கைப்பிடித் தகடுகள் கடின ரப்பர் போலத் தெரிகின்றன. அவற்றில் எண்ணெயும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம், வெயிலில் வைத்தால் கறுப்பு பழுப்பாகிவிடும்.

சுத்தம் செய்தபின் நுண்படிக மெழுகை மெல்லியதாகப் பூசு. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் உருவான அந்த மெழுகைத்தான் அருங்காட்சியகங்கள் பழைய இரும்புக்குப் பயன்படுத்துகின்றன. அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடாதே, வியர்வை உப்பின் கைரேகை துருவாகவே எழும்பும். மாமாவின் தோல் உறையைத் தனியாக எடுத்து வை. தோலில் தங்கும் ஈரமும் பதனிட்ட அமிலமும் இரும்பை அரிக்கும். பூட்டிய பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள். நிபுணர் ஒருவர் சோதித்துச் சரி என்று சொல்லும்வரை சுட்டுப் பார்க்கும் எண்ணமே வேண்டாம்.

அடுத்த கடிதத்தில் குழல், ஸ்லைடு, சட்டகம் மூன்றிலும் உள்ள எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று எழுது. சோதனை முத்திரையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில், நிழல் விழும்படி படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
ராமநாதன்