குமரேசனுக்கு, எண்டாஸ்கோப்பி விஷயமாக

டேய் குமரேசா,

போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய், அதனால்தான் கடிதம். இங்கே எல்லோரும் சுகம். மொட்டை ஒருவழியாக வீடு கட்டி முடித்துவிட்டான்; நம்மைக் கூப்பிடவில்லை, அதை நேரில் பேசிக்கொள்வோம்.

"எனக்கு நெஞ்செரிச்சலே கிடையாது, எடைகுறைப்பு ஆபரேஷனுக்கு முன்னால் எண்டாஸ்கோப்பி எதற்கு, பில்லை ஏற்றத்தானே?" என்று கேட்டிருந்தாய். கல்பனாவும் இதையேதான் சொன்னாள். எடையைக் குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷனுக்கு அவளுக்குத் தேதியே குறித்தாகிவிட்டது. டாக்டர் விடவில்லை. தொண்டையில் மரத்துப்போக ஸ்ப்ரே அடித்து, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாய் வழியாகக் கேமராக் குழாயை இரைப்பை வரை விட்டுப் பார்த்தார்கள். பத்து நிமிஷ வேலை. பார்த்தால், இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறியிருக்கிறது, உணவுக்குழாயின் அடியில் அமிலம் அரித்த புண்! ஒரு நாள் எரிகிறது என்று சொன்னவள் இல்லை. ஸ்லீவில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள், மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குழல். அதற்குப் பிறகு அமிலம் மேலேறுவது பலருக்கும் அதிகமாகும். ஏற்கெனவே புண் இருக்கிறவளுக்கு அதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும், சொல்? அதனால் பைபாஸுக்கு மாற்றிவிட்டார்கள்; இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சின்னப் பையைப் பிரித்துக் குடலோடு இணைப்பது அது.

இரைப்பையிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி மஞ்சள் மருந்தில் போட்டார்கள். என் கண்ணெதிரேயே ரோஸ் நிறமாகிவிட்டது. ஹெலிகோபாக்டர் பைலோரி, இரைப்பையில் புண் உண்டாக்கும் கிருமி. இரண்டு வாரம் மாத்திரை, ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்த பாரி மார்ஷலுக்கு 2005-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நீ ஒரு குழாய்க்குப் பயப்படுகிறாய்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லைடா. பைபாஸ் செய்தபின் பழைய இரைப்பை உள்ளேயேதான் இருக்கும், ஆனால் சாதாரண எண்டாஸ்கோப்பிக் குழாய் அங்கே எட்டாது. பிற்பாடு அதில் ஏதாவது முளைத்தால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. தொந்தரவு இருப்பவர்களுக்கு மட்டும் பார்த்தால் போதும் என்கிற சர்ஜன்களும் உண்டு. பலருக்கு ஒன்றும் பெரிதாக அகப்படுவதில்லை என்பதும் நிஜம்தான். ஆனால் எடைகுறைப்பு ஆபரேஷன் செய்யும் பேரியாட்ரிக் சர்ஜன்களின் உலக அமைப்பான இஃப்சோ 2020-ல் சொன்னது வேறு: தொந்தரவே இல்லாதவர்களிலும் சுமார் நான்கில் ஒருவருக்கு, சிகிச்சையை மாற்றவைக்கக்கூடிய ஏதாவது ஒன்று அகப்படுகிறதாம். எனக்கு இந்தக் கணக்கு போதும்.

இன்னொன்று. நெஞ்செரிச்சலே இல்லாத ஐயா, பிரியாணி முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போடுகிறீரே பேண்டோப்ரசோல் என்கிற அமிலம் குறைக்கும் மாத்திரை, அதை டாக்டரிடம் ஒழுங்காகச் சொல்லிவிடும். அது உள்ளே இருந்தால் கிருமி இருந்தும் டெஸ்டில் இல்லையென்று வரலாம். எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அவரே சொல்வார். தேதி தெரிந்ததும் எழுது, கூட வர நான் லீவு போட வேண்டும்.

உன்,
சேகர்