பொன்னாடைக்கு நேரமிருந்தது, கேள்விக்கு இல்லை

திருகோணமலையில் அந்த நடிகரின் உரையாடலை நடத்திய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். சென்னையிலிருந்து அவ்வளவு பெரிய நாடக, சினிமா நடிகரை இங்கு அழைத்து வந்தீர்கள். இலேசான வேலையில்லை, நன்றி. ஆனால் ‘பார்வையாளருடன் நேரடி உரையாடல்’ என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டு, பார்வையாளர் வாய் திறக்காமலே முடித்துவிட்டீர்களே!

நான்கு மணி என்றீர்கள். பிரதம விருந்தினர் வர ஐந்தரை. பிறகு மங்கல விளக்கு, தலைமையுரை, வாழ்த்துரைகள். நடிகரின் வாழ்க்கைக் குறிப்பை அவருக்கே வாசித்துக் காட்டினீர்கள். மேடையில் பொன்னாடை கிடைக்காதது ஒலிவாங்கிக்கு மட்டும்தான்.

எனக்குப் பக்கத்தில் மூதூர்ப் பக்கத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் இருந்தார். எழுபது தாண்டியவர், மத்தளம் அடித்தே விரல் காய்த்தவர். செல்ஃபி எடுக்க வரவில்லை. ஒரே ஒரு கேள்வியோடு வந்திருந்தார்: “தம்பி, எங்கட வட்டக்களரியில நாலு பக்கமும் சனம். நாலு பக்கத்துக்கும் முகம் காட்டி ஆடவேணும். கமரா ஒரு பக்கம்தானே நிக்குது? அப்ப மிச்ச உடம்ப இவர் என்ன செய்யிறார்?”

கேள்விகளைத் துண்டில் எழுதித் தரச் சொன்னீர்கள். அவருக்காக நான் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் வாசித்தவை: பிடித்த சாப்பாடு என்ன, அடுத்த படம் எப்போது, எங்கள் ஊர் பிடித்திருக்கிறதா. கடைசி பஸ்ஸுக்கு நேரமானதும் அண்ணாவியார் எழும்பிப் போய்விட்டார்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் வட்டக்களரிக் கூத்தை ஒருபக்க மேடைக்குக் கொண்டுவந்தபோதே கூத்தர்கள் முட்டிக்கொண்ட கேள்வி அது. வந்த நடிகரோ 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பயின்றவர். தெருக்கூத்தின் அடவுகளை உடம்பில் ஏற்றிக்கொண்டு கமராவுக்கு முன் போனவர். பதில் சொல்லக்கூடியவர் மேலே, கேட்கத் தெரிந்தவர் கீழே, நடுவில் நீங்கள்.

கேள்விக்கு நேரம் தாருங்கள். இதைக்கூடக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது!

உங்களை மட்டும் சொல்லவில்லை. நூல் வெளியீடோ பரிசளிப்பு விழாவோ, இங்கே முன்வரிசைக் கதிரைக்கு வெள்ளைத் துணி; அதில் இருப்பவர்கள்தான் பாதியில் எழும்புவார்கள். கின்னியாப் பாலம் 2009இல் திறந்தது, பாதைப் படகுக்காகக் கரையில் காத்துக்கிடந்த காலம் போய்விட்டது. ஆனால் அக்கரையிலிருந்து வருகிறவர் எத்தனை மணிக்குத் திரும்பவேண்டும் என்று நிகழ்ச்சி நிரல் போடுகிற ஒருவரும் யோசிப்பதில்லை. சரி, எங்கேயோ போய்விட்டேன்.

தயவுசெய்து அடுத்த முறை பாதி நேரத்தைக் கேள்விக்குத் தாருங்கள். துண்டு வேண்டாம், ஒலிவாங்கியைக் கீழே அனுப்புங்கள். உரைகளைக் குறைக்க மனமில்லாவிட்டால் நடிகர் பேசி முடித்த பிறகு வையுங்கள். விரும்பியவர்கள் இருந்து கேட்கட்டும்.

இன்னொரு உதவி. நடிகரின் தொடர்பு உங்களிடம் இருக்கும். அண்ணாவியாரின் கேள்வியை அவருக்கு அனுப்பிவையுங்கள். பதில் குரல் பதிவாக வந்தாலும் போதும், மூதூருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உவர்மலையிலிருந்து ஒரு பார்வையாளர்